எப்படி வந்தது என்ற கேள்வி

அன்புள்ள கேள்வியம்மாவுக்கு,

கண்ணாடிக்கடை அம்மா வணக்கத்துடன் எழுதுவது. நானும் அவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நலம் என்று எழுதினால், ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு நலம் என்று ஒரு எண் சொல்லுங்கள் என்பீர்கள். அதனால் நடமாடுகிறோம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். உங்களுக்கு இந்தப் பெயரை வைத்தது அவர்தான். உங்கள் முகம் அவருக்கு மறந்துவிட்டது. "கேள்வியம்மா இந்த மாசம் வரலையா?" என்று மட்டும் அவ்வப்போது கேட்கிறார்.

போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறேனே என்று நினைக்காதீர்கள். போனை எடுத்தால் அவர் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார். யார், என்ன, என்னைப் பற்றியா என்று குடைகிறார். அதனால் கடையில் மதிய இடைவேளையில், லென்ஸ் தேய்க்கிற மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். தாளில் தூள் ஒட்டியிருந்தால் தட்டிவிட்டுப் படியுங்கள்.

முதலில் அவர் உடம்பு. நீங்கள் கேட்கிற வரிசையிலேயே சொல்கிறேன். சர்க்கரை ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. பிரஷருக்கு இரண்டாவது மாத்திரை சேர்த்திருக்கிறார்கள். எச்.ஐ.வி. வைரஸ் அளவு எப்போதும்போல் பரிசோதனையில் பிடிபடாத அளவுக்குக் கீழேதான். அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் ஒவ்வொரு தடவையும் ரொம்ப சந்தோஷம் என்கிறார். ஸ்கேனில்தான், மூளையின் சின்ன ரத்தக்குழாய்கள் பல இடங்களில் அடைபட்டிருப்பது தெரிந்தது. அதற்கு எச்.ஐ.வி. எவ்வளவு காரணம், சர்க்கரை எவ்வளவு, வயது எவ்வளவு என்று கேட்டேன். மூன்றும் ஒன்றாகக் கலந்துவிட்டதம்மா, இனிப் பிரித்துப் பார்க்க முடியாது என்றார். அதைப் பிரிப்பதற்கென்றே ஒரு ஆராய்ச்சிக்காரப் பெண் மூன்று வருஷமாக எங்கள் எல்லோரையும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாளே என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் நோய் தெரிந்தபோது நாங்கள் இரண்டு பேரும் சாகத் தயாராகிவிட்டோம். பீரோவில் எது எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கூட வைத்தோம். அப்புறம் மாத்திரை வந்தது, சாகவில்லை. வயதாகும் என்று யாரும் சொல்லவில்லை. என் இடுப்பெலும்பு அறுபதுக்கு முன்னாலேயே எண்பது வயதுக்காரியின் எலும்பாக ஆகிவிட்டதாம். அதுவும் மாத்திரையாலா, நோயாலா என்று தெரியாதாம்.

இப்போது அவருடைய மறதி. கடைசியாக நீங்கள் வந்தபோது கடிகாரம் வரையச் சொன்னீர்கள். பன்னிரண்டு எண்ணையும் ஒரே பக்கத்தில் அடுக்கிவிட்டு, இந்தப் பக்கம் காலியாக இருந்தால் ரிப்பேர் பார்க்க வசதி என்றாரே, நீங்களும் சிரித்தீர்களே, அதெல்லாம் இப்போது பார்த்தால் நல்ல காலம். இப்போது பின்னாலிருந்து ஒவ்வொரு வருஷமாகக் கழன்றுகொண்டு வருகிறது. முதலில் லிஃப்ட் மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்றது மறந்தது. தினமும் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு டூல் பாக்ஸைத் தேடுவார். அப்புறம் மகளுக்குக் கல்யாணம் ஆனது மறந்தது. போன மாதம் மருத்துவமனை லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஏழு பேர். எல்லோரும் பதறினார்கள். இவர் மட்டும் காதைச் சுவரில் வைத்துக் கேட்டுவிட்டு, பிரேக் பிடித்திருக்கிறது, கயிறு நன்றாக இருக்கிறது, யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று சொல்லி ஒரு கர்ப்பிணிப் பெண்ணைத் தரையில் உட்காரவைத்தார். கதவு திறந்து வெளியே வந்ததும், நாம் எதற்காக இங்கே வந்தோம் என்று என்னைக் கேட்டார்.

எதற்காக வந்தோம் என்பதுதான் இப்போது விஷயம். அவருக்கு அந்த நோய் இருப்பதே மறந்துவிட்டது. அவருடைய மாத்திரையைச் சர்க்கரை மாத்திரைகளோடு கலந்து கொடுத்துவிடுகிறேன், விழுங்கிவிடுகிறார். என்னுடையதைத் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் சட்டை தேடும்போது எடுத்துவிட்டார். எழுத்து படிப்பது மறக்கவில்லையே. மருந்தின் பெயரும் அவருக்குத் தெரிந்த பெயர். டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தார். "இது அந்த நோய்க்குக் கொடுக்கிறதுதானே. உனக்கு எப்படி வந்துச்சு? யாரு அவன்?" என்று கேட்டார்.

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. இருபத்தொரு வருஷத்தில் நானே கேட்காத கேள்வியை அவர் என்னைக் கேட்கிறார். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவே கேட்கிறார்.

அன்றைக்கே உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். உங்களிடமிருந்துதான் வந்தது, நீங்கள் லிஃப்ட் போடப் போய்ப் பதினோரு மாதம் அந்த ஊரில் தங்கியிருந்தீர்களே, அப்போது உங்களுக்கு வந்தது, அப்புறம் எனக்கு வந்தது என்று பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னேன். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று மணி நேரம் வெளியே வரவில்லை. மறுநாள் நான் சொன்னது ஒரு சொல்கூட அவருக்கு நினைவில்லை. ஆனால் அழுகை மட்டும் நிற்கவில்லை. ஒரு வாரம், எதற்கு அழுகிறோம் என்று தெரியாமலே அழுதார். சாப்பிடவில்லை. அன்றிலிருந்து அவரிடம் அதைச் சொல்வதில்லை. அவரோ கேட்பதை விடுவதில்லை. தினமும் கேட்கிறார், தினமும் அவருக்குப் புதிது.

அந்தப் பதினோரு மாதத்தில் போட்ட லிஃப்ட்டெல்லாம் அவருக்கு நினைவிருக்கிறது. எந்தக் கட்டடம், எத்தனை மாடி, எத்தனை பேர் ஏறலாம் என்று கடகடவென்று சொல்கிறார். மற்றது மட்டும் போய்விட்டது. போய்விட்டதா, போகட்டும் என்று விட்டுவிட்டாரா என்று கண்டுபிடிக்க உங்கள் கேள்வித்தாளில் கேள்வி இருக்கிறதா?

இவ்வளவோடு நின்றிருந்தால் உங்களைத் தொந்தரவு செய்திருக்கமாட்டேன். வெளிநாட்டில் இருக்கிற எங்கள் மகளுக்கு இந்த நோயைப் பற்றி ஒன்றும் தெரியாது. போன வாரம் அவள் போன் செய்தபோது நான் கடையில் இருந்தேன். இவர் எடுத்து, உங்கம்மாவுக்கு அந்த நோய், யாரிடம் வாங்கினாள் என்று நீயாவது கேள் என்று சொல்லிவிட்டார். அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. குழந்தைகளை விட்டுவிட்டு அடுத்த மாதம் தனியாக வருகிறேன் என்று மட்டும் செய்தி அனுப்பினாள்.

இனி நான் எதைச் சொன்னாலும், புத்தி தவறிய மனுஷன் மேல் பழியைப் போடுகிறாள் என்றுதான் அவளுக்குத் தோன்றும். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் அது உங்களிடம்தான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், அவருக்கு இன்னும் தெளிவு இருந்தபோது, என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவரிடம் தனியாகப் பேசிப் பதிவு செய்தீர்கள். நாற்பது நிமிஷம். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "எல்லாத்தையும் சொல்லிட்டேன்" என்றார். என்னவென்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்ற பயம். முதல் மாத்திரை வாங்கி வந்த அன்றைக்கு என்னிடம் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் மாத்திரை சாப்பிட்டால் மறக்காது என்றார். அதுக்கு மேல் இருபத்தொரு வருஷத்தில் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தப் பதிவை எனக்குக் கொடுங்கள். முழுசும் வேண்டாம். என்னிடமிருந்துதான் அவளுக்கு வந்தது என்று அவர் சொல்லியிருந்தால் அந்த ஒரு வாக்கியம் போதும். மகளுக்குப் போட்டுக்காட்டிவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். எங்களிடம் உணவு முறை பற்றி முப்பது கேள்வி கேட்டுவிட்டு நீங்கள் வெறும் டீயும் பிஸ்கட்டுமாக இருந்ததை நான் கவனித்துத்தான் இருக்கிறேன். பதிலைக் கடை முகவரிக்கே போடுங்கள்.

அன்புடன்,
கண்ணாடிக்கடை அம்மா


அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. இல்லை என்று சொல்ல இத்தனை நாளா என்று நினைக்காதீர்கள். ஏதாவது வழி இருக்குமா என்று தேடிக்கொண்டிருந்தேன்.

பேச்சின் ஒலிப்பதிவுகள் எதுவும் இப்போது இல்லை. தட்டச்சு செய்து சரிபார்த்ததும் அழித்துவிட வேண்டும் என்பது விதி, அழித்துவிட்டேன். என் கையால்தான் அழித்தேன். தட்டச்சுப் பிரதிகள் இருக்கின்றன. அவற்றில் பெயர் இல்லை, எண் மட்டும்தான். அவற்றை யாருக்கும் காட்டுவதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துத்தான் ஒவ்வொருவரையும் பேசவைத்தேன். அப்பாவுக்கும் அப்படியேதான்.

பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒழுங்குக் குழுவுக்கு, உங்களை யாரென்று சொல்லாமல், எழுதிக் கேட்டேன். ஒருவர் தெளிவாக இருந்தபோது கொடுத்த வாக்கை அவர் தெளிவிழந்த பிறகு வேறு யாரும், மனைவி உட்பட, மாற்ற முடியாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. படிக்கும்போது சரியாகத்தான் இருந்தது. உங்கள் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துப் படித்தபோதுதான் சரியாக இல்லை.

அவர் என்ன சொன்னார் என்று மட்டுமல்ல, நீங்கள் கேட்கிற விஷயத்தைப் பற்றிச் சொன்னாரா இல்லையா என்றுகூட நான் சொல்லக்கூடாதம்மா. இந்த வரியை நான் நாலு தடவை அடித்து எழுதினேன். இதிலிருந்து எதையும் ஊகிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஊகிக்காமல் இருப்பது கஷ்டம் என்பதும் தெரியும்.

உங்களுக்கு உதவக்கூடியது ஒன்று இருக்கிறது. உங்களுடைய நேர்காணல் பிரதி உங்களுக்கே சொந்தம். வேண்டும் என்றால் அனுப்புகிறேன். மகள் வரும்போது மருத்துவமனையில் ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள். நாற்காலியில் கால் மடக்கி உட்காருவாரே, அவர்தான். நிதானமானவர். நான் போன் செய்து சொல்லிவைத்திருக்கிறேன், காரணம் சொல்லவில்லை.

என்னைப் பற்றியும் சொல்கிறேன். உதவித்தொகை நின்றுவிட்டது. வழிகாட்டிப் பேராசிரியர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார், என் அத்தியாயங்களை எப்போதாவது படிக்கிறார். உங்களோடு சேர்த்து நூற்றுப் பன்னிரண்டு பேரிடம் பேசினேன். மூன்று வருஷத்தில் பத்தொன்பது பேர் போய்விட்டார்கள். ஒருவருடைய இறப்புச் சான்றிதழிலும் எச்.ஐ.வி. இல்லை. இதயம், சிறுநீரகம், புற்றுநோய், மாடிப்படியில் விழுந்தது. இந்த நோயோடு நீண்ட காலம் வாழ முடியும் என்பதற்கு இதை ஆதாரமாக எழுத வேண்டும் என்கிறார் பேராசிரியர். எழுதிக்கொண்டிருக்கிறேன். போன மாதம் இன்னும் இருவர் இறந்த செய்தி வந்தது. அவர்களைச் சேர்க்க முடியவில்லை. ஆய்வின் பதிவேடு மூடப்பட்டுவிட்டது. இனி ஒரு பதிலைச் சேர்க்கவோ திருத்தவோ என்னாலும் முடியாது.

ஒருவருடைய கதையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, தேவைப்படும்போது திருப்பித் தர முடியாது என்று சொல்கிற வேலை இது என்று யாரும் எனக்கு முதலில் சொல்லவில்லை. என்னை மன்னியுங்கள் என்று எழுத நினைத்தேன். அதையும் உங்களிடமே கேட்டு வாங்குவது நியாயமாகப் படவில்லை.

அப்பாவிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் கேள்வியம்மா


அன்புள்ள கேள்வியம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நான்கு தடவை அடித்து எழுதினேன் என்ற வரியை நான் பத்துத் தடவை படித்தேன். ஊகிக்கவில்லை. ஊகித்தாலும் அது என்னோடு.

மகள் வந்தாள், ஒன்பது நாள் இருந்தாள், முந்தாநாள் போனாள். நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும். ஆலோசகரிடம் சொன்னால் தண்ணீர் கொடுத்து, மூச்சை இழுத்து விடுங்கள் என்பார். நீங்கள் என்றால் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

முதல் நாள் அவள் தனக்கென்று ஒரு டம்ளரை எடுத்து வைத்துக்கொண்டாள். நான் கவனிக்காத மாதிரி இருந்தேன். மறுநாள் போனில் எதையெல்லாமோ படித்திருக்கிறாள் போலிருக்கிறது, வெட்கப்பட்டுக்கொண்டு, நான் குடித்து மீதி வைத்த டீயை என் கண் முன்னாலேயே எடுத்துக் குடித்தாள். ஆறிப்போன டீ, முகம் சுளிக்காமல் குடித்தாள். படித்த பெண், டீச்சர் வேலை, தப்பு என்று தெரிந்தால் திருத்திக்கொள்வாள்.

எனக்கும் இருக்குமா என்றுதான் முதலில் கேட்டாள். இல்லை, உனக்குப் பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்துக்கு ரத்த வகை வேண்டும் என்று பொய் சொல்லி அழைத்துப் போய்ப் பார்த்துவிட்டேன் என்றேன். அந்த முடிவு வரும்வரை நான்கு நாள் நான் தூங்கவில்லை என்பதைச் சொல்லவில்லை. நிம்மதியாவாள் என்று நினைத்தேன். அதற்குத்தான் அழுதாள். என்னைப் பொய் சொல்லிக் கூட்டிப்போனாயா, இருபத்தொரு வருஷம் இன்னும் என்னவெல்லாம் பொய் என்று கேட்டாள். அப்பாவுக்கும் இருக்கிறதா என்றாள். இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறார், அவருக்கு அது மறந்துவிட்டது என்றேன். அப்படியானால் அப்பாவுக்கும் உன்னிடமிருந்து வந்ததா என்றாள்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தேன். அதற்குள் அவர் உள்ளே வந்து, சாப்பாடு ஆச்சா என்று கேட்டார். அவள் எழுந்து போய் அவருக்குத் தட்டு வைத்தாள்.

ஆலோசகரிடம் போனேன். சொல்வதும் சொல்லாததும் உங்கள் உரிமை, நான் முடிவு செய்ய முடியாது என்றார். எல்லோருமே எனக்கு உரிமை கொடுக்கிறீர்கள். சரி, மறுநாள் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் வாக்கியம்கூட அமைத்துவிட்டேன். உங்கப்பா கெட்டவர் இல்லை என்று ஆரம்பிப்பதாக இருந்தேன்.

மறுநாள் காலை ஒன்பது மணி, மாத்திரை நேரம். மூன்று பேரும் மேஜையில் உட்கார்ந்திருந்தோம். அவருக்கு மாத்திரைகளைக் கையில் கொடுத்துவிட்டு நான் என்னுடையதை வாயில் போட்டுக்கொண்டேன். ஒளிக்கவில்லை, இனி எதற்கு ஒளிப்பது. அவர் பார்த்துவிட்டார். வழக்கமாகக் கேட்கும்போது குரலில் ஒரு அதட்டல் இருக்கும். அன்றைக்கு இல்லை. மகள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் என் பதிலுக்குத்தான் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

யாரென்று சொல்லு, நான் ஒன்றும் செய்யமாட்டேன் என்றார். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் என் கையைப் பிடித்து எத்தனையோ காலம் ஆகிறது.

"பதினோரு மாசம் உன்னத் தனியா விட்டுட்டுப் போனேன். ஒரு போன்கூட ஒழுங்கா பண்ணல. தப்பு என் மேலதான். நீ மனசுல ஒண்ணும் வச்சுக்காத. நான் உன்ன விடமாட்டேன்" என்றார்.

கேள்வியம்மா, தப்பு என் மேலதான் என்று அவர் வாயால் கேட்பதற்கு நான் இருபத்தொரு வருஷம் காத்திருந்தேன். அவர் சொல்லிவிட்டார். தெளிவாக, என் கண்ணைப் பார்த்து, மகள் முன்னால் சொல்லிவிட்டார். நான் என்ன செய்வேன்?

"ஆமா" என்று சொன்னேன்.

அவர் சொன்னதில் எதற்கு அந்த ஆமா என்று எனக்கே தெரியவில்லை. தப்பு அவர் மேல் என்பதற்கா, தனியாக இருந்தேன் என்பதற்கா, விடமாட்டேன் என்பதற்கா. மகள் அதை ஒரே விதமாகத்தான் எடுத்துக்கொண்டாள். எழுந்து போய் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொண்டு, அழாதம்மா, அம்மா பாவம் என்றார். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன்.

அதற்கப்புறம் நான்கு நாள் இருந்தது. தனியாக இருக்கும்போது சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த நான்கு நாளும் அவள் அவர் பக்கத்தைவிட்டு நகரவில்லை. நகம் வெட்டிவிட்டாள். அவர் போட்ட லிஃப்ட் கதையெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்டாள். சின்ன வயதில்கூட அவள் அப்படி அவரோடு ஒட்டிக்கொண்டதில்லை. அடுத்த தடவை அவள் வரும்போது அவருக்கு அவளைத் தெரியுமோ தெரியாதோ. அந்த நாலு நாளைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. தியாகம் கியாகம் என்று உங்கள் தாளில் எழுதிவிடாதீர்கள். எனக்கு அன்றைக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

வழியனுப்பப் போனேன். பெட்டியை ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து என் முன்னால் நின்றாள். "அப்பா உன்ன மன்னிச்சிட்டாரு. நானும் முயற்சி பண்றேன்மா" என்றாள். பத்திரமாகப் போய் வா, சேர்ந்ததும் செய்தி அனுப்பு என்றேன்.

அவரோ மன்னித்ததை அன்று மத்தியானமே மறந்துவிட்டார். நேற்றுக் காலை மறுபடியும், யார் அவன் என்று ஆரம்பித்துவிட்டார். சில நாள் கோபப்படுகிறார், சில நாள் மன்னிக்கிறார். எந்த நாள் எது என்று எழுந்திருக்கும்போது எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். போன வாரம் ஒரு வாத்தியாரின் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்து முடித்துவிட்டு, வலது எது இடது எது என்று தெரியாமல் மெஷின் முன்னால் நின்றேன். முப்பது வருஷமாகச் செய்கிற வேலை. மாற்றிப் பொருத்திக் கொடுத்துவிட்டேன். அந்த மனுஷன் தலை சுற்றுகிறது என்று திருப்பிக் கொண்டுவந்தார். முதலாளி நல்லவர், திட்டவில்லை. இனிமேல் முன்னால் உட்கார்ந்து பில் போடுங்கள் என்றார். வீட்டுக்கு வந்து ஒரு தாளில் கடிகாரம் வரைந்து பார்த்தேன். எண்ணெல்லாம் சுற்றிலும் சரியாக வந்துவிட்டது. பத்து மணி பத்து நிமிஷத்துக்கு முள் எங்கே வரும் என்றுதான் ரொம்ப நேரம் யோசித்தேன். டாக்டரிடம் இன்னும் போகவில்லை. போனாலும், மூன்றும் கலந்துவிட்டதம்மா என்பார்.

எனக்கு மறதி வருவதில் பயமில்லை. ஒரு விஷயம்தான் பயம். அவர் தினமும் சொல்கிறார். மகளும் நம்பிவிட்டாள். எனக்கும் மறந்துவிட்டால் அவர் சொல்வதுதான் நடந்தது என்று ஆகிவிடும். ஒருநாள் காலை அவர் யாரென்று கேட்கும்போது, நானும் உட்கார்ந்து, யாராக இருக்கும் என்று யோசிப்பேன்.

என்னுடைய நேர்காணல் பிரதியை அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு இந்த நோய் எப்படி வந்தது என்று கேட்டீர்கள். அவர் வெளியே வராண்டாவில் உட்கார்ந்திருந்தார், கதவு சரியாகச் சாத்தவில்லை. நான் தெரியாது என்று சொன்னேன். உண்மையாகவே தெரியாதா அம்மா என்று நீங்கள் இன்னொரு தடவை கேட்டீர்கள். தெரியாது என்றேன். எழுதிக்கொண்டீர்கள்.

அதை மட்டும் திருத்த முடியுமா? பதிவேடு மூடிவிட்டதாக எழுதியிருந்தீர்கள், படித்தேன். அச்சில் வர வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. என் எண்ணுக்கு நேரே, ஓரத்தில் பென்சிலால் எழுதினாலும் போதும். கணவரிடமிருந்து என்று. ஒரே ஒரு சொல்தான். அது இருக்கிறது என்று தெரிந்தால் நான் இங்கே எதை ஒப்புக்கொண்டாலும் பரவாயில்லை. முடியாது என்றால் அதை எனக்கு எழுத வேண்டாம். வேறு ஏதாவது எழுதுங்கள். அங்கே மழை பெய்கிறதா என்று எழுதுங்கள்.

உங்கள் படிப்பு நல்லபடியாக முடியட்டும். டாக்டர் பட்டம் வாங்கி, உட்கார்ந்து வேலை செய்ய நல்ல நாற்காலி கிடைத்து, முதுகு வலி இல்லாமல் ரொம்ப வருஷம் இருங்கள். உங்களிடம் யாராவது ஏதாவது கேட்டால், கதவைச் சாத்திவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

ஆசிகளுடன்,
கண்ணாடிக்கடை அம்மா